ஊரகந்த மலையில் விழுந்த ஹெலிகொப்டரும் நமக்கு வராத அறிக்கையும்



2000 செப்டம்பர் 16. பொதுத்தேர்தலுக்கு 24 நாட்களே இருந்தன. அமைச்சர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகொப்டர், அரநாயக்க ஊரகந்த மலையில் விழுந்து நொறுங்கியது. அதில் சென்ற எவரும் உயிர் தப்பவில்லை.

காலநிலை என்றார்கள், இயந்திரக் கோளாறு என்றார்கள், சதி என்றார்கள். நம் பிள்ளைகள் மூன்றையும் கேட்டே வளர்கிறார்கள்.

ஏன் இந்தக் குழப்பம்? பயணிகள் விமானம் விழுந்தால் எப்படி விசாரிப்பது என்பதற்குச் சர்வதேச விதிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு அடிப்படையான 1944 சிக்காகோ உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். படையினரின் வானூர்திக்கு அல்ல. ஆகவே நாம் 2001இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவையே நம்பியிருந்தோம். அது விசாரித்தது. அறிக்கையோ மக்கள் முன் வைக்கப்படவில்லை. பின்னர் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டு அலைய வேண்டியதாயிற்று.

ஐ.நா. செயலாளர் நாயகம் ஹமர்ஷீல்ட் 1961இல் ஆபிரிக்காவின் இன்டோலா அருகே விமான விபத்தில் இறந்தார். 54 வருடங்கள் கழித்து, 2015இலும் ஐ.நா. புதிதாக நிபுணர் குழு அமைத்து அதை ஆராய்ந்தது. காலம் கடந்துவிட்டது என்பது காரணமாகாது.

ஒலுவிலில் பல்கலைக்கழகம் கண்ட தலைவருக்கு வருடாவருடம் மேடைப்பேச்சு மட்டும் போதுமா? கட்சி பேதமின்றி, முழு அறிக்கையையும் மூன்று மொழிகளிலும் வெளியிடக் கேட்போம். அன்று மரணித்த விமானப்படையினரின் குடும்பங்களுக்கும் அது சேர வேண்டிய கடன்.

அல்லாஹ் மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, மேலான சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.