பஞ்சம் கேட்ட கேள்வி, கொடைக்கானல் மலையில் தேடிய விடை

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது வருடப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைப் பறித்தது. பருவமழை ஏன் பொய்த்தது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது அப்போதே தெரிந்திருந்தது. அந்த ஏற்ற இறக்கம் மழையையும் பாதிக்கிறதா என்ற ஐயம் அறிஞர்களிடையே வலுத்தது.

சூரியனை இடைவிடாமல் கவனிக்கப் பழனி மலைத்தொடர் தேர்வானது. கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல், வானியலாளர் மைக்கி ஸ்மித் முன்னின்று நடத்த, 1899இல் கொடைக்கானல் ஆய்வகம் உருவானது.

1907இல் அங்கு வந்த வானியலாளர் ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளி ஒன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் மாறியிருந்தன. புள்ளியின் சாம்பல் நிற விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அவை காட்டின. உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது.

மழைக்கான நேரடி விடை கிடைக்கவில்லை. ஆனால் வானம் தெளிந்த நாளெல்லாம் கண்ணாடித் தகடுகளில் சூரியனைப் பதித்த அந்த உழைப்பு, நூறாண்டு கடந்த அரிய பெட்டகமாகிவிட்டது. தகடுகள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டுள்ளன.

ஆய்வகத்தை இன்று நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். சூரியனின் தாக்கத்தை அது இன்றும் கவனிக்கிறது: 2024 மே மாதம் கடும் சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியபோது, லடாக்கின் ஹான்லேயில் அந்நிறுவனத்தின் கேமராக்கள் செந்நிற வானொளியைப் பதிவுசெய்தன. உயரத்தில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் உமிழ்ந்த ஒளி அது.