அகாலத்தில் போன மூத்தவள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண்கள் கூடைப்பந்து அணி 1899இல் மறைந்தது. அதன் ஆயுள் சில ஆண்டுகள்தான். ஆனாலும் அதன் பின் பிறந்த பெரிய குடும்பத்துக்கு அதுவே மூத்தவள் என்பதால், மூத்தோருக்குரிய மரியாதையோடு அதை வழியனுப்புவது நம் கடமை.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் உடற்பயிற்சிக்கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தை உருவாக்க, மறு ஆண்டே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்கேற்ப விதிகளை மாற்றிக் கற்றுக்கொடுக்க, அங்கிருந்து கண்டத்தின் மறுகரைக்குச் சில ஆண்டுகளிலேயே அது வந்து சேர்ந்தது. நைஸ்மித் கூடை மாட்டிய அதே 1891இல் கதவு திறந்த ஸ்டான்ஃபோர்டு, தொடக்கம் முதலே பெண்களையும் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம். புதிய கல்விக்கூடமும் புதிய ஆட்டமும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் இந்த அணி.

அதன் வாழ்வின் உச்சம் 1896 ஏப்ரல் 4. சான் பிரான்சிஸ்கோவின் ஆர்மரி அரங்கில், பக்கத்துக்கு ஒன்பது பேராக, பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பெண்களை எதிர்த்து அது களமிறங்கியது. இரு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் மோதிய முதல் கூடைப்பந்துப் போட்டி அதுதான். ஆண்கள் முன் ஆடுவது பெண்களுக்கு அழகல்ல என்று கருதிய காலமாதலால் ஆண் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. எழுநூறு பேர் வரை திரண்ட பெண்கள் கூட்டம் மட்டும் ஆரவாரிக்க, முழங்காலுக்குக் கீழே இறுக்கிய தொளதொளத்த கால்சட்டைகளோடு அவர்கள் ஓடினார்கள், பந்தைப் பறித்தார்கள், விழுந்து எழுந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு 2–1 என்ற கணக்கில் வென்றது. இன்று ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே எடுத்துவிடும் புள்ளிகள். ஆனால் பெண்கள் இவ்வளவு வேகமாக ஓடலாம், இவ்வளவு உரக்கக் கத்தலாம், வெற்றிக்காக வெளிப்படையாக ஆசைப்படலாம் என்பதை அந்த மூன்று புள்ளிகள் ஊரறியச் செய்தன.

அதன் கடைசி நாட்களை எழுதக் கை தயங்குகிறது. மாணவியரின் உடல்நலத்துக்கு ஆகாது, போட்டிகளால் வரும் பத்திரிகை விளம்பரம் விரும்பத்தக்கதல்ல என்று காரணம் சொல்லி, பெண்கள் பிற கல்லூரிகளோடு மோதுவதை 1899இல் பல்கலைக்கழகம் தடைசெய்தது. அதே ஆண்டில்தான், மாணவியர் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டக் கூடாதென ஜேன் ஸ்டான்ஃபோர்டு வரம்பு கட்டினார். நோய்நொடி இல்லாமல், தோற்று ஓய்ந்தும் போகாமல், ஆடும் வயதிலேயே அந்த அணி நிறுத்தப்பட்டது. வளாகத்துக்குள் பெண்கள் பந்தை விட்டுவிடவில்லை என்பது நமக்கு ஆறுதல். ஆனால் பல்கலைக்கழகத்தின் முழு ஆதரவோடு நிற்கும் ஓர் அணி மீண்டும் எழ, கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

பேத்திகள் பேர் சொல்லும்படி வாழ்ந்தார்கள். டாரா வான்டர்வீர் என்ற பயிற்சியாளரின் கீழ் ஸ்டான்ஃபோர்டு பெண்கள் 1990, 1992, 2021 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றார்கள். 2024இல் அவர் ஓய்வுபெற்றபோது அவர் கணக்கில் 1,216 வெற்றிகள் இருந்தன. இதில் நாம் மகிழ்கிறோம். ஆயினும் இடையில் பிறந்து, கையில் திறமையிருந்தும் களம் கிடைக்காமலே முதுமையடைந்த தலைமுறைகளுக்கு இந்தப் பட்டங்கள் ஈடாகாது. அவர்களுக்கான துக்கமும் இந்த இரங்கலில் அடக்கம்.

ஸ்டான்ஃபோர்டின் மூன்று கோப்பைகளை எண்ணும்போதெல்லாம், கோப்பை இல்லாத அந்த 2–1 வெற்றியையும் சேர்த்தே எண்ணுவோம். முதல் கணக்கு அங்கேதான் தொடங்கியது.