மைன்கிராஃப்ட் முதல் இரவு: பொழுது சாய்வதற்குள் என்ன செய்யணும்?

விளையாட்டைத் திறந்ததும் ஏதோ ஒரு காட்டோரத்தில் நிற்பீங்க. கையில் ஒன்றும் இருக்காது. இதைச் செய், அங்கே போ என்று யாரும் சொல்ல மாட்டாங்க. மேலே சதுரமான சூரியன் மட்டும் நகர்ந்துகிட்டே இருக்கும். மைன்கிராஃப்ட்டில் ஒரு முழு நாள் என்பது நம்ம கணக்குக்கு 20 நிமிடம். அதில் நல்ல வெளிச்சம் இருப்பது 10 நிமிடம்தான். அதற்குள் மரம், கல், கூரை, வெளிச்சம் நாலையும் தேடிக்கணும். தேடலைன்னா என்ன ஆகும் என்பதை இரவில் ஒரு ஜோம்பி வந்து சொல்லும்.

பத்துல எட்டுப் பேர் வெறுத்துப்போய் மூடி வைப்பது இந்த முதல் இரவோடுதான். (எட்டு என்பது என் சொந்தக்காரப் பிள்ளைகளை வச்சு நானே போட்ட கணக்கு!) அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதியை அந்தப் பத்து நிமிடத்துக்கே ஒதுக்கியிருக்கேன்.

வரலாற்றைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். சுவீடனைச் சேர்ந்த மார்க்குஸ் பெர்சன் 2009 மே மாதம் இதைப் பொதுவில் விட்டார். முழுப் பதிப்பு 2011 நவம்பர் 18-இல் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி அமெரிக்க டாலருக்கு நிறுவனத்தையே வாங்கியது. 2023-இல் விற்பனை 30 கோடியைத் தாண்டியது.

எதை வாங்குவது?

கைப்பேசி, டேப்லட், கேம் கன்சோல் எல்லாவற்றிலும் ஓடுவது பெட்ராக் பதிப்பு. ஜாவா பதிப்பு கணினிக்கு மட்டும். விண்டோஸ் கணினிக்கு இரண்டையும் சேர்த்தே விற்கிறாங்க. ஜாவாவில் இருப்பவரும் பெட்ராக்கில் இருப்பவரும் வழக்கமான முறையில் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாட முடியாது. ஈஜோக்கில் இருக்கும் உங்க கூட்டாளி எதில் விளையாடுறான்னு கேட்டுட்டு அப்புறம் காசைக் கொடுங்க. பள்ளியில் டெலிமா கணக்கு வச்சிருக்கிறவங்க, அதில் மைன்கிராஃப்ட் கல்விப் பதிப்பைத் திறக்க முடியுமான்னு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

'இலவச மைன்கிராஃப்ட்' என்று வரும் கோப்புகளை மட்டும் தொடாதீங்க. நம்மில் பலர் விளையாடுவது அம்மா அல்லது அப்பாவின் கைப்பேசியில். அதே கைப்பேசியில்தான் வங்கிச் செயலியும் இருக்கு. முன்பின் தெரியாத கோப்பை நிறுவினால், அந்தக் கதவையும் சேர்த்துத் திறந்துவிட்ட மாதிரி. 'இலவச மைன்காயின்' தர்றோம்னு கடவுச்சொல் கேட்கிறவங்களும் அதே ரகம்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கு. தன்னார்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பு. ஒருநாள் மாற்றிப் பாருங்க.

அந்தப் பத்து நிமிடம்

முதல் வேலை மரம். கோடாலி தேவையில்லை. மரத்தை நோக்கி நின்று, உடையும்வரை கையாலேயே விடாமல் அடிக்கணும். ஏழெட்டு மரத்துண்டு சேர்ந்ததும் போதும். ஒரு துண்டிலிருந்து 4 பலகை கிடைக்கும். 4 பலகையைச் சதுரமாக வச்சா கிராஃப்டிங் டேபிள். அதுதான் உங்க பட்டறை. ஒன்றின் மேல் ஒன்றாக 2 பலகை வச்சா 4 குச்சி. மேல்வரிசையில் 3 பலகை, நடுவில் கீழ்நோக்கி 2 குச்சி வச்சா மரப் பிக்காசு.

அந்த மரப் பிக்காசை உடனே தூக்கிப்போட ஆசைப்படுவீங்க, அது நியாயம்தான். அதை வச்சுப் பதினைந்து இருபது கல் வெட்டியதும் அதன் வேலை முடிந்தது. 3 கல், 2 குச்சி சேர்த்தால் கல் பிக்காசு. 8 கல்லை நடுவில் ஓட்டை விட்டுச் சுற்றி வச்சா உலை.

இப்போ சூரியன் உச்சியைத் தாண்டியிருக்கும். அடுத்தது வெளிச்சம். பாறையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது நிலக்கரி. ஒரு கரியும் ஒரு குச்சியும் சேர்ந்தால் 4 தீப்பந்தம். நிலக்கரி கண்ணில் படலையா? பதற வேண்டாம். உலையின் மேலே மரத்துண்டு, கீழே பலகை வச்சு எரிச்சா அடுப்புக்கரி கிடைக்கும். வேலை ஒன்றுதான். தீப்பந்தம் அழகுக்கு இல்லை. 2021-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து, பெரும்பாலான அரக்கர்கள் துளிகூட வெளிச்சம் இல்லாத இடத்தில்தான் முளைக்கும். நீங்க ஒரு பந்தம் நட்டால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவை பிறக்கவே முடியாது.

வழியில் ஆடு தென்பட்டால் விடாதீங்க. ஒரே நிறத்தில் 3 கம்பளி, 3 பலகை இருந்தால் படுக்கை தயார். படுத்தால் இரவு கடந்துவிடும். அதைவிட முக்கியம், அடுத்த முறை செத்தால் அந்தப் படுக்கை பக்கத்திலேயே எழுந்திருப்பீங்க.

வீடு? முதல் நாளில் வீடு கட்டாதீங்க. யூடியூப்பில் பார்த்த மாளிகையைக் கட்ட ஆரம்பித்து, பாதிச் சுவரோடு இருட்டில் மாட்டிக்கொள்வது எல்லோரும் செய்யும் தப்பு. மலைச்சரிவில் உள்ளே நாலு பிளாக் குடைந்து, நுழைந்து, வாசலை மண்ணால் மூடி, ஒரு பந்தம் நட்டால் போதும். அன்றைக்கு அதுதான் வீடு.

இரவில் வெளியே சத்தம் கேட்கும். ஜோம்பியும் எலும்புக்கூடும் விடிந்ததும் வெயிலில் எரிந்துவிடும். கிரீப்பர் எரியாது. பச்சையாக, கையில்லாமல், சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்று 'உஸ்ஸ்' என்னும். ஒன்றரை நொடியில் வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காதீங்க, ஓடுங்க.

இரண்டாம் நாளிலிருந்து

பசிதான் அடுத்த எதிரி. பசி அளவு நிறைவாக இருந்தால்தான் அடிபட்ட உயிர் தானாக ஏறும். பச்சைக் கோழியைத் தின்றால் பத்துக்கு மூன்று முறை வயிற்றைக் கெடுக்கும், உலையில் சுட்டுச் சாப்பிடுங்க. புல்லை அடித்தால் விதை விழும். மண்வெட்டி செய்து நிலத்தைக் கொத்தி விதையுங்க. ஒரு பிளாக் தண்ணீர், நாலு பக்கமும் 4 பிளாக் தூரம் வரை மண்ணை ஈரமாக வைக்கும். தஞ்சோங் காராங், சிகிஞ்சான் பக்கம் வயலுக்கு நடுவே வாய்க்கால் ஓடுவதைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 3 கோதுமைக்கு ஒரு ரொட்டி.

சுரங்கத்துக்கு ஒரே ஒரு விதி: காலடியை நேராகக் கீழே தோண்டாதீங்க. கீழே குகையோ எரிமலைக் குழம்போ இருக்கும். படிக்கட்டாகச் சரித்துத் தோண்டுங்க. இரும்பை வெட்டக் கல் பிக்காசு வேணும், வைரத்தை வெட்ட இரும்புப் பிக்காசு வேணும். வைரம் அதிகமாகக் கிடைப்பது உலகத்தின் அடிமட்டத்தை ஒட்டி, ஆழக் கணக்கில் மைனஸ் 59 பக்கம். இடத்தைக் காட்டும் எண்களைப் பெட்ராக்கில் அமைப்புகளில் இயக்கணும், ஜாவா கணினியில் எஃப் 3 விசை. படுக்கை வச்ச இடத்தின் எண்களை ஒரு நோட்டில் எழுதி வச்சுக்கோங்க. செத்த இடத்துப் பக்கம் போனதிலிருந்து, கீழே கிடக்கும் உங்க பொருள்களுக்கு 5 நிமிடம்தான் ஆயுள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கு. கைப்பேசியில் நீங்க கட்டும் உலகம் அந்தக் கைப்பேசிக்குள்ளேதான் இருக்கும். என் அக்கா, போனில் இடமில்லைன்னு ஒருநாள் செயலியை நீக்கிட்டாங்க. மகனுடைய நாலு மாத உலகம் அதோடு போச்சு. இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. உலகத்தின் அமைப்புப் பக்கத்தில் அதை ஏற்றுமதி செய்யும் பொத்தான் இருக்கு. வாரம் ஒருமுறை அழுத்தி, கோப்பை வேறெங்காவது அனுப்பி வைங்க.

நம்ம ஊர் உள்ளே வந்த கதை

2022 ஜூனில் வந்த புதுப்பிப்பில் சதுப்புநிலக் காடு சேர்ந்தது. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் மரப்பாதையில் நடந்து பார்க்கும் அதே பக்காவ் காடு: தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும் வேர்கள், கீழே சேறு. அந்தச் சேற்றோடு கோதுமை சேர்த்தால் கெட்டி மண், அதிலிருந்து மண் செங்கல்.

மின்மினிதான் தாமதமாக வந்தது. தவளைக்குத் தீனியாக மின்மினியைச் சேர்ப்பதாக 2021-இல் அறிவித்தாங்க. நிஜத்தில் சில வகை மின்மினி தவளைக்கு நஞ்சு என்று தெரிந்ததும் கைவிட்டாங்க. 2025 மார்ச்சில் அது மின்மினிப் புதராகத் திரும்பி வந்தது. தண்ணீர் ஓரத்தில் வளரும், இரவானால் புள்ளி புள்ளியாக மினுங்கும். கம்போங் குவாந்தானில் படகில் போனவங்களுக்குத் தெரியும், சிலாங்கூர் ஆற்றின் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னுவது. அங்கே கேமரா ஃபிளாஷ் போடக்கூடாது. செயற்கை வெளிச்சமும் கரையோர மரங்கள் அழிவதும்தான் அவற்றுக்கு ஆபத்து. விளையாட்டிலும் புதர் தரும் வெளிச்சம் ரொம்பக் குறைவு. அதனால் அங்கே கவனமா நடங்க, அரக்கர் வரலாம்.

எதைக் கட்டலாம்?

மைன்கிராஃப்ட்டில் ஒரு பிளாக் ஒரு மீட்டர். 2014-இல் டென்மார்க் அரசின் நில அளவைத் துறை நாடு முழுவதையும் இதே அளவில் விளையாட்டுக்குள் கொண்டுவந்தது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு லயம் போதும்.

பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டம், 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே செம்பனை நட்ட இடம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பெயரோ சுத்தத் தமிழ். நம்ம வட்டாரத்தில் எத்தனையோ தோட்டத்து லயங்கள் இன்று இல்லை. புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, நைகல் கார்டனர், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்ததும் செய்திகளில் வந்ததுதான். இடித்த லயத்துக்குப் பெரும்பாலும் வரைபடம் கிடையாது. தாத்தா பாட்டி தலைக்குள் இருக்கு.

கேட்டுப் பாருங்க. அறை எத்தனை அடி? பத்தடி என்றால் மூன்று பிளாக். தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது, ஆயாக் கொட்டகை எந்தப் பக்கம், கோயில் எந்தத் திசையைப் பார்த்திருந்தது, கிராணி வீட்டுக்கும் லயத்துக்கும் எவ்வளவு தூரம்? திரையைக் காட்டிக்கொண்டே கட்டுங்க. "அங்க இல்லடா, இன்னும் இந்தப் பக்கம்" என்று பாட்டி திருத்துவாங்க. மரத்தை வெட்டி, காட்டைத் திருத்தி, பொழுது சாய்வதற்குள் திரும்பும் வேலை உங்களைவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

லயம் பெரிய வேலையாகத் தெரிந்தால் புக்கிட் மெலாவத்தி கலங்கரை விளக்கத்திலிருந்து தொடங்குங்க. 1907-இல் கட்டியது, உயரம் 27 மீட்டர், அதாவது 27 பிளாக். அகலத்தை நேரில் போய் எட்டு வச்சு அளந்துட்டு வாங்க. மலைமேல் இருக்கும் கறுப்பு லோத்தோங் சாது. நீளவால் குரங்கு அப்படியில்லை, கையில் கச்சான் பொட்டலம் இருந்தால் பைக்குள் போட்டுக்கோங்க.