கரிவளியும் ஈயமும்: ஒரு வேதிவினையின் சொல்வழி வரலாறு

ஓர் அறிவியல் கண்டுபிடிப்பு, அதற்குரிய பெயர்கள் ஒரு மொழியில் வேரூன்றும்போதே அம்மொழியாரின் உடைமையாகிறது. நீரில் கரைந்த கரிவளியை மின்னாற்றலால் பயன்படுபொருளாக மாற்றும் வினையின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வோம். ஜொகூர்த் தமிழர்க்கு இவ்வினை எவ்வளவு அண்மையது என்பது அப்போது புலனாகும்.

மின்வேதியியலின் அடிப்படைச் சொற்கள் 1834-இல் உருப்பெற்றன. மைக்கேல் ஃபாரடே தம் ஆய்வுக்குப் பெயர்கள் வேண்டி, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலுக்கு மடல் எழுதினார். அவர், ‘மேலேறு வழி’, ‘கீழிறங்கு வழி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆனோடு, கேத்தோடு என்பவற்றைப் பரிந்துரைத்தார். தமிழில் அவை நேர்மின்வாய், எதிர்மின்வாய் ஆயின. அடுத்த ஆண்டில் சுவீடன் நாட்டுப் பெர்சீலியசு, ‘அவிழ்த்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று ‘கேட்டலிசிஸ்’ என்பதை ஆக்கினார். நம் ‘வினையூக்கி’யோ, தான் செலவழியாது வினையை விரைவுபடுத்தும் பொருளின் தொழிலை மூலச்சொல்லினும் தெளிவாகக் காட்டுகிறது.

1870-இல் பிரான்சில் ருவாயே என்பார், கரைந்த கரிவளியில் மின்சாரம் செலுத்தி ஃபார்மிக் அமிலத்தைப் பெற்றார். 1875-இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிரீனின் ‘கெமிஸ்தம்’ தமிழில் வெளிவந்தது. ஆக, இவ்வினையும் தமிழ் வேதியியல் நூலாக்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தன.

இவ்வினைக்கு இரு தடைகள் உண்டு. இயல்பான அழுத்தத்தில், 25 பாகை செல்சியசில், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.5 கிராம் கரிவளியே கரையும். மின்னோட்டமோ நீரையே பிளந்து ஹைட்ரஜனை எளிதில் வெளியிடும். 1985-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்து யோஷியோ ஹோரி குழுவினர் பல உலோகங்களை ஒப்பிட்டு, எதிர்மின்வாயின் உலோகமே விளைபொருளை முடிவுசெய்கிறது எனக் காட்டினர். பொன்னும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடைத் தந்தன. செம்பு மீத்தேனைத் தந்தது. இரும்பும் நிக்கலும் பெரும்பாலும் ஹைட்ரஜனையே தந்தன. வெள்ளீயமும் காரீயமும் ஃபார்மிக் அமிலத்தின் உப்பைத் தந்தன.

இவ்விடத்தில் நம் நாட்டு வழக்கொன்றைக் கருதுதல் வேண்டும். மலேசியத் தமிழர் ‘ஈயச் சுரங்கம்’ என்பது வெள்ளீயச் சுரங்கத்தையே. வேதியியல் நூல்களிலோ ‘ஈயம்’ எனில் காரீயம். இவ்வேறுபாட்டை ஆசிரியர் விளக்காவிடில் மாணவர் மயங்குவர்.

ஃபார்மிக் அமிலமும் நமக்குப் புதியதன்று. எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பெயர்பெற்ற இவ்வமிலம், ரப்பர்ப் பாலை உறையவைக்கப் பயன்படுவது. ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர் அறிந்த அப்பொருளை, இன்று ஆய்வாளர் கரிவளியிலிருந்தே ஆக்க முனைகின்றனர். அதற்கு வேண்டிய மின்சாரம் நிலக்கரியை எரித்துப் பெறப்படுமாயின், நீக்கியதினும் மிகுதியான கரிவளி வெளிப்படும். கதிரொளியோ நீராற்றலோ துணைநிற்கும்போதே இவ்வினை பயன்தரும்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003-இல் அறிவியல் ஆங்கிலவழிக்கு மாறியது. பின்னர் அக்கொள்கை மீட்டுக்கொள்ளப்பட்டது. கொள்கைகள் மாறலாம், சொற்களைக் காப்பது நம் கடன். நாம் கரிவளி என்பதை இலங்கையர் காபனீரொட்சைட்டு என்பர். தமிழகத்தார் கார்பன் டை ஆக்சைடு என்பர். இம்மூன்றையும் அறிந்த மாணவன் மூன்று நாட்டு நூல்களையும் தடையின்றிக் கற்பான். அத்தகைய மாணவனை உருவாக்கும் பணி ஒவ்வொரு தமிழாசிரியரின் வகுப்பறையிலும் தொடங்கட்டும்.