புற்றுநோய்ச் சிகிச்சையில் துன்பத்தணிப்பின் வரலாறு

புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையும், கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சையும் வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்கின்றன. புற்றுச் செல்கள் அத்தகையவை. ஆனால் வாயின் உட்தோல், குடலின் உட்படலம், முடியின் வேர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் வேகமாகப் பெருகுபவைதாம். அதனால் சிகிச்சை பெறுவோருக்கு வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல், தொற்று, தோல் வெந்துபோதல், குமட்டல், வாந்தி, கடும் களைப்பு ஆகியவை ஏற்படுகின்றன.

இந்தத் துன்பங்களைத் தணிக்க இன்று கையாளப்படும் முறைகளில் சில, ஆய்வகத்தில் பிறந்த மருந்துகள். வேறு சில, பனிக்கட்டி, உப்புநீர், நடைப்பயிற்சி போன்ற எளிய பழக்கங்கள். இரண்டும் மருத்துவத்தில் இடம்பெற்ற வழி ஒன்றே. நோயாளி சொல்லும் துன்பம் எண்ணிக் கணக்கிடப்பட்டது. அதைத் தணிப்பதாகக் கூறப்பட்டவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. இது வெறும் சௌகரியம் பற்றிய செய்தி அன்று. தாங்க முடியாமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தும் நோயாளி, குணமாகும் வாய்ப்பையும் இழக்கிறார்.

கதிர்வீச்சும் தோலும்

வில்லெம் ரோண்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே அக்கதிர்கள் முடியை உதிர்ப்பதும் தோலைப் புண்ணாக்குவதும் தெரியவந்தன. 1901இல் ஹென்றி பெக்கெரல், ரேடியம் அடங்கிய சிறு குப்பியைச் சட்டைப்பையில் வைத்திருந்ததால் தோலில் தீப்புண் போன்ற காயம் அடைந்தார். பியேர் கியூரி அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே தம் கையில் ரேடியத்தை வைத்துப் புண்ணை உண்டாக்கிக்கொண்டார்.

தொடக்க காலத்தில் கதிரின் அளவைக் கணிக்க நம்பகமான கருவி இல்லை. தோல் எப்போது சிவக்கிறது என்பதே அளவாகக் கொள்ளப்பட்டது. அன்றைய குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்கள் தோலிலேயே அதிகமாகத் தங்கிவிட்டன. உடலின் உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதிய அளவு சென்று சேரும் முன்பே தோல் வெந்துவிடும்.

இதற்கு ஒரு வழியைப் பாரிஸ் நகரின் ரேடியம் நிறுவனத்தில் கிளாடியஸ் ரெகோ காட்டினார். ஆட்டுக்கடாக்களின் விதைகளை ஒரே வீச்சில் மலடாக்க முயன்றால் மேல்தோல் கடுமையாகப் புண்ணானது. அதே வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பல நாட்களுக்குப் பிரித்துச் செய்தபோது தோல் தப்பியது. நல்ல திசு இடைவேளையில் தன்னைச் சரிசெய்துகொண்டதே காரணம். 1920களில் அவருடைய சக மருத்துவர் ஆன்ரி கூத்தார் இம்முறையைக் குரல்வளை, தொண்டைப் புற்றுநோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் கதிர்வீச்சு தரும் இன்றைய வழக்கத்தின் வேர் இதுதான்.

அடுத்த மாற்றம் 1951இல் கனடாவில் நிகழ்ந்தது. கோபால்ட்-60 கருவிகள் அங்கு நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கின. அதன் காமாக் கதிர்கள் தம் முழு வீரியத்தையும் தோலின் மேற்பரப்பில் காட்டாமல், அரை சென்டிமீட்டர் அளவு உள்ளே சென்ற பிறகே காட்டின. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கும் கனடாவிலிருந்து வந்த கோபால்ட் கருவி இயங்கத் தொடங்கியது. பின்னர் வந்த நேரியல் முடுக்கிகள் கதிரை மேலும் ஆழத்திற்குக் கொண்டுசென்று தோலின் சுமையை இன்னும் குறைத்தன.

கருவிகள் மாறிய பின்னும் ஓர் அறிவுரை மாறவில்லை. கதிர் படும் இடத்தில் தண்ணீரோ சோப்போ படக்கூடாது என்று பல மருத்துவமனைகள் நோயாளிகளிடம் சொல்லிவந்தன. பல வாரங்கள் அந்த இடத்தைக் கழுவாமல் இருப்பது உடலுக்கும் மனத்திற்கும் பெருந்தொல்லை. இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1992இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பிரிவினர் கழுவவில்லை; ஒரு பிரிவினர் தண்ணீரால் மட்டும் கழுவினர்; மற்றொரு பிரிவினர் சோப்பும் பயன்படுத்தினர். கழுவியவர்களின் தோல் மோசமாகவில்லை. கழுவாதவர்களுக்கே அரிப்பு அதிகமாக இருந்தது. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும், தளர்வான பருத்தி ஆடை அணிய வேண்டும் என்பது இப்போது தரப்படும் அறிவுரை.

வாந்தி எண்ணப்பட்ட காலம்

வேதிச்சிகிச்சையின் தொடக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தைச் சேர்ந்தது. கடுகு வாயுவோடு உறவுடைய நைட்ரஜன் மஸ்டர்டு 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குத் தரப்பட்டது. போர் இரகசியம் காரணமாக அச்செய்தி 1946இல்தான் வெளிவந்தது. மருந்து ஏற்றியதும் வாந்தி வருவது தொடக்கத்திலிருந்தே தெரிந்திருந்தும், உயிருக்குக் கொடுக்கும் விலையாக அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சிஸ்பிளாட்டின் என்ற மருந்து இந்த நிலையை நெருக்கடியாக்கியது. 1965இல் பார்னெட் ரோசன்பெர்க், பிளாட்டினம் மின்முனைகளுக்கு அருகே நுண்ணுயிர்கள் பிரிந்து பெருகாமல் நின்றுவிடுவதைக் கவனித்ததிலிருந்து பிறந்தது இம்மருந்து. 1970களில் லாரன்ஸ் ஐன்ஹார்னின் சிகிச்சைமுறை வழியாக, பரவிவிட்ட விதைப் புற்றுநோயையும் அது பெரும்பாலோரிடம் குணப்படுத்தியது. ஆனால் தடுப்பு மருந்து இல்லாதபோது அதைப் பெற்ற ஏறக்குறைய அனைவரும் வாந்தி எடுத்தனர்; அதுவும் ஒரே நாளில் பல முறை. குணமாக்கும் மருந்து கையில் இருந்தும், அடுத்த சுற்றுக்கு வர நோயாளிகள் அஞ்சினர்.

1981இல் நியூயார்க் மருத்துவர் ரிச்சர்ட் கிரல்லாவும் அவர் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். மெட்டோகுளோப்ரமைடு என்ற பழைய வயிற்று மருந்தை மிக உயர்ந்த அளவில் கொடுத்து, 24 மணி நேரத்தில் நோயாளி எத்தனை முறை வாந்தி எடுத்தார் என்று எண்ணினர். வெற்று மருந்தும், அப்போது வழக்கில் இருந்த மருந்தும் பெற்றவர்களோடு ஒப்பிட்டனர். வாந்தி வெகுவாகக் குறைந்திருந்தது. விரைவில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அதனுடன் சேர்க்கப்பட்டது.

குறைந்த அளவில் பயன்படாத மருந்து, உயர்ந்த அளவில் ஏன் பலித்தது என்ற கேள்வி அடுத்த வாயிலைத் திறந்தது. சிஸ்பிளாட்டின் சிறுகுடலில் உள்ள சில செல்களைச் சிதைக்கும்போது அவை செரட்டோனின் என்ற பொருளை வெளியிடுகின்றன. அது குடலின் நரம்பைத் தூண்ட, செய்தி மூளைக்குச் சென்று வாந்தி எழுகிறது. உயர்ந்த அளவு மெட்டோகுளோப்ரமைடு இந்தச் செரட்டோனின் வழியை அடைத்தது. அந்த வழியை மட்டும் அடைப்பதற்காக உருவாக்கப்பட்ட ஒண்டான்செட்ரான் 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முதல் நாள் வாந்தி பெருமளவு அடங்கியபின், இரண்டாம் நாளிலிருந்து தொடரும் வாந்திக்கு வேறொரு வழி இருப்பது தெளிவானது. அதை அடைக்கும் அப்ரெபிடண்ட் 2003இல் வந்தது.

மருந்து கட்டுப்படுத்தாத வாந்தியும் ஒன்று உண்டு. முந்தைய சுற்றுகளில் துன்பப்பட்ட சிலருக்கு, மருத்துவமனை வாசலைக் கண்டாலே, அதன் வாடை பட்டாலே குமட்டியது. மணியோசைக்கு நாயின் வாயில் எச்சில் ஊறியதைப் பாவ்லவ் காட்டியதைப் போன்ற பழக்கப்பதிவு இது. உடலைத் தளர்த்தவும், அஞ்சும் காட்சிகளைப் படிப்படியாக மனத்தில் எதிர்கொள்ளவும் கற்றுக்கொடுத்தால் இந்த வாந்தி குறைவதை 1982இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. முதல் சுற்றிலேயே வாந்தியைத் தடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் இன்று வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோயாளிகளின் தரவரிசை

எந்தத் துன்பம் பெரியது என்பதை நோயாளிகளிடமே கேட்கும் முயற்சி 1983இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து வெளிவந்தது. ஆலன் கோட்சும் உடன் ஆய்ந்தோரும் வேதிச்சிகிச்சை பெற்றவர்களிடம் துன்பங்கள் எழுதிய அட்டைகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் செய்தனர். வாந்தி முதலிடமும், குமட்டல் இரண்டாமிடமும், முடி உதிர்தல் மூன்றாமிடமும் பெற்றன. முடி உதிர்வதை உயிருக்கு ஆபத்தில்லாத சிறு விளைவாகக் கருதியவர்களுக்கு இந்த வரிசை ஒரு பாடம்.

ஒண்டான்செட்ரான் வந்தபின் 1990களில் இதே முறையில் மீண்டும் கேட்டபோது வாந்தி முதலிடத்திலிருந்து கீழிறங்கியிருந்தது. குமட்டல் முதலிடத்திற்கு வந்தது. களைப்பு அதை அடுத்து நின்றது. புதிய மருந்துகள் வாந்தியை நிறுத்திய அளவுக்குக் குமட்டலை நிறுத்தவில்லை என்பதை இந்த வரிசை வெளிப்படுத்தியது. மனநோய்க்குப் பயன்பட்டுவந்த ஓலன்சபின் குமட்டலைக் குறைப்பதை 2016இல் வெளியான பெரிய ஆய்வு உறுதிசெய்தது. அம்மருந்து தரும் தூக்கக் கலக்கத்தைக் குறைப்பதற்காக, இன்னும் குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் ஜப்பானிலும் மும்பை டாட்டா நினைவு மையத்திலும் நடந்துள்ளன.

பனிக்கட்டியும் உப்புநீரும்

5-ஃபுளோரோயூராசில் என்ற மருந்தை நரம்பில் ஒரேயடியாகச் செலுத்தும்போது வாய்ப்புண் வரும். சாப்பிடவும் விழுங்கவும் முடியாத அளவுக்கு அது கடுமையாகலாம். மருந்து செலுத்துவதற்கு 5 நிமிடம் முன்பிருந்து அரை மணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருந்தவர்களுக்குப் புண் குறைந்ததை 1991இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குளிரால் வாயின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அந்நேரத்தில் வாய்க்கு வரும் மருந்தும் குறைகிறது. இம்மருந்து இரத்தத்திலிருந்து விரைவில் நீங்கிவிடுவதால் அரை மணி நேரமே போதுமானதாகிறது. நாள்முழுதும் சொட்டுச்சொட்டாக ஏற்றப்படும் மருந்துக்கு இந்த வழி பொருந்தாது.

வந்துவிட்ட வாய்ப்புண்ணுக்குப் பல கொப்பளிப்பு நீர்கள் பரிந்துரைக்கப்பட்டன. கலிபோர்னியாவில் மேரிலின் டாட் தலைமையிலான செவிலிய ஆய்வாளர்கள் அவற்றுள் மூன்றை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர்: உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீர், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, மரத்துப்போகச் செய்யும் மருந்து சேர்ந்த விலைகூடிய கலவை. புண் ஆறும் வேகத்தில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மிக மலிவானது உப்பு-சோடா நீர்.

தலையைக் குளிர்வித்து முடியைக் காக்கும் முயற்சி 1970களில் தொடங்கியது. மருந்து ஏறும் நேரத்தில் தலையில் பனிக்கட்டி வைத்த அனுபவம் 1979இல் மருத்துவ இதழில் வெளியானது. சீராகக் குளிர்விக்கும் தொப்பிக் கருவி அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்றது. மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் நடந்த இரு ஆய்வுகள் 2017இல் வெளியாயின. குளிர்வித்தவர்களில் பாதிப்பேருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ முடியின் பெரும்பகுதி தங்கியது; குளிர்விக்காதவர்களுக்குத் தங்கவில்லை. இரத்தப் புற்றுநோய்களுக்கு இம்முறை ஏற்றதன்று.

களைப்பும் நடையும்

களைப்புக்கு ஓய்வே மருந்து என்பது நெடுநாள் நம்பிக்கை. 1980களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகச் செவிலிய ஆய்வாளர்கள் இதை மறுபரிசீலனை செய்தனர். மார்பகப் புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெற்ற பெண்களை வாரம் மூன்று முறை வீதம் 10 வாரங்கள் நிலைச் சைக்கிள் மிதிக்கச் செய்தபோது அவர்களின் உடல்திறன் கூடியது, குமட்டலும் குறைந்தது. 1997இல் விக்டோரியா மாக் குழுவினர், கதிர்வீச்சு பெற்ற காலத்தில் வீட்டருகே நடைப்பயிற்சி செய்த பெண்களுக்குக் களைப்பு குறைவாக இருந்ததைக் காட்டினர். தொடர்ந்து படுத்திருக்கும்போது தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைக்குச் சிறு வேலையும் பெருஞ்சுமையாகிறது. பின்னர் நடந்த பல ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன.

சொல்லப்படாத துன்பம்

மேற்கண்ட முறைகள் எவையும், நோயாளி தம் துன்பத்தை வெளியே சொல்லாதவரை பயன்படா. மருத்துவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றும், சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்றும் தயங்கி மறைப்போர் பலர். சில வேளைகளில் மறைப்பது ஆபத்தாகவே முடியும். வேதிச்சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் வரும் காய்ச்சல், கைவைத்தியத்திற்கு உரியதன்று. உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டியது.

சொல்வதால் கிடைக்கும் பயனை நியூயார்க்கில் ஈத்தன் பாஷ் குழுவினர் அளந்தனர். பரவிய புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெற்ற 766 பேர் இருபிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் மருத்துவரைப் பார்க்கும்போது தம் தொல்லைகளைச் சொன்னார்கள். மற்றவர்கள் குமட்டல், வலி, மூச்சுத்திணறல் போன்ற 12 தொல்லைகளின் கடுமையைக் கணினி வழியாகத் தாமே தொடர்ந்து பதிந்தார்கள். ஏதேனும் ஒன்று மோசமானால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் சென்றது. 2017இல் வெளியான முடிவின்படி, வழக்கமான முறையில் இருந்தோரின் இடைநிலை ஆயுட்காலம் 26 மாதம். தம் துன்பத்தைப் பதிந்தோருக்கு 31.2 மாதம். புதிய மருந்து எதுவும் இல்லாமலே ஐந்து மாதங்கள் கூடியிருந்தன. தொல்லைகள் முற்றும் முன்பே கவனிக்கப்பட்டதும், அதனால் வேதிச்சிகிச்சையை அவர்கள் கூடுதல் காலம் தொடர முடிந்ததும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.