பிக்ஸ்

இங்கிலாந்து நாணயசாலையின் வழக்கில் ‘பிக்ஸ்’ என்பது, அடித்த காசுகளின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் நல்லது பொல்லாதது பாராமல் எடுத்த சிலவற்றைப் பரீட்சைக்கென்று பூட்டிவைக்கும் பெட்டியின் நாமம். கிரேக்கத்தில் ‘பிக்ஸோஸ்’ ஒரு மரம். அம்மரத்தாலான சிமிழ் ‘பிக்ஸிஸ்’. அதுவே லத்தீன் வழியாக, தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வைக்கும் பாத்திரத்துக்கும் ஆகி, பின்னர் நாணயசாலைக்குள்ளும் புகுந்தது. 1282-ஆம் ஆண்டிலேயே அரசாணையில் காணப்படும் இச்சோதனையில், பொற்கொல்லர்களைக் கொண்ட நடுவர் குழு பெட்டியைத் திறந்து, காசுகளை ஒருங்கே நிறுத்து, சிலவற்றை உருக்கி மாற்றுப் பார்க்கும். 1710-இல், நாணயசாலைத் தலைவர் ஐசக் நியூட்டனுடைய பொற்காசே மட்டம் என்று தீர்ப்பாக, அம்மகான் ஒப்புநோக்க வைத்த தகட்டின்மேலேயே குற்றம் சொன்னார்!

பிழையென்று கொள்ளாது பொறுக்கத்தக்க வித்தியாசத்துக்கு ‘ரெமெடி’ என்று பெயர். ஒரு காசுக்கு விதித்த அளவை நூறு காசுக்கு நூறு மடங்காகப் பெருக்கிக்கொண்டார்கள். தற்செயலாக நேரும் கூடுதல் குறைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், கணித சாஸ்திரப்படி பத்து மடங்கே போதும். ஆகையால், சற்றே குறைத்து அடிக்கிற நாணயசாலைக்காரன் அந்தத் தராசில் அகப்படுவது துர்லபம்.