இரவில் குறையும் கோழிகள்: கொல்லையில் கோழி வளர்ப்போர் அறிய வேண்டியவை

மலாக்கா மாநிலத்தின் மூன்று மாவட்டங்களில் கிழக்குப் பக்கம் இருப்பது ஜாசின். ஆசகான், நியாலாஸ், செலாண்டார், பெம்பான், மெர்லிமாவ், சுங்கை ரம்பை எனச் சிறு பட்டணங்களும், புக்கிட் ஆசகான், டைமண்ட் ஜூப்ளி, ஜாசின் லாலாங் போன்ற தோட்டங்களும் அடங்கிய வட்டாரம் இது. ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. மரம் மாறியும், வீட்டின் பின்புறம் நாலு கோழி வளர்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார்கள்.

கம்பத்துக் கோழி வெறும் கறிக்காக வளர்க்கப்படுவதில்லை. முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல், பிள்ளை பெற்றவளுக்கு வைத்துக் கொடுக்கும் சாறு, தீபாவளிக் கறி, அவசரச் செலவுக்கு விற்கக்கூடிய கைமுதல் என்று ஒரு கோழிக்குப் பல கணக்கு உண்டு. 2022 ஜூன் 1ஆம் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதிக்குத் தடை போட்ட நாள்களிலும், 2023 நவம்பர் 1ஆம் தேதி கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்ட போதும், கொல்லையில் முட்டையிடும் பெட்டையின் அருமை பல வீடுகளுக்குப் புரிந்தது. ஆகவே காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒன்று குறைந்திருந்தால், அது சின்ன நட்டமல்ல. பல வேளைகளில் அது பக்கத்து வீட்டுக்காரர் மீது சந்தேகமாகவும் மாறிவிடுகிறது. எடுத்தது யார் என்பதைத் தடயத்தைக் கொண்டு அறிந்துகொண்டால், கோழியும் மிஞ்சும், உறவும் மிஞ்சும்.

செம்பனைக்கும் கோழிக்கூட்டுக்கும் உள்ள தொடர்பு

செம்பனைப் பழம் எலிக்கு நல்ல தீனி. எலி பெருகும் இடத்திற்கு அதைத் தின்னும் பிராணிகளும் வந்து சேரும். மலைப்பாம்பு, நல்லபாம்பு, சிறுத்தையைப் போன்ற புள்ளிகள் கொண்ட காட்டுப்பூனை, ஆந்தை ஆகியவை எலியை நம்பியே செம்பனைக் காட்டில் வாழ்கின்றன. மூசாங் எனப்படும் மரநாய்க்குப் பழமும் பிடிக்கும், எலியும் பிடிக்கும். லயத்து வீடுகளும் தாமான்களும் செம்பனையை ஒட்டியே இருப்பதால், எலியைத் துரத்தி வரும் பிராணிக்குக் கோழிக்கூடு வெகுதூரத்தில் இல்லை.

பல வீடுகளில் பாம்பைக் கூட்டுக்கு அழைத்து வருவது கோழி அல்ல; சிந்திய தீனிதான். இரவில் தரையில் கிடக்கும் சோறும் சோளமும் எலியை இழுக்கும், எலி பாம்பை இழுக்கும். பாம்பு வந்த இடத்தில் கோழியும் அகப்பட்டுக்கொள்ளும். அந்திக்குள் மிச்சத் தீனியை அள்ளி மூடி வைப்பது காசு செலவில்லாத முதல் காவல்.

தடயம் சொல்லும் கதை

கோழி அடியோடு காணவில்லை, இறகு கூட இல்லை, சத்தமும் கேட்கவில்லை என்றால் மலைப்பாம்பைச் சந்தேகிக்கலாம். அது இரையைச் சுற்றி நெரித்து முழுதாக விழுங்கும். கம்பி இடுக்கு வழியாக நுழைந்த பாம்பு, வயிறு பெருத்துப் போனதால் வெளியேற முடியாமல் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதும் உண்டு. ஆகவே காலையில் கூட்டுக்குள் கைவிடும் முன் விளக்கடித்துப் பார்ப்பது அவசியம்.

கழுத்து கடிபட்டு, தலை மட்டும் தின்னப்பட்ட கோழிகள் கிடந்தால் பெரும்பாலும் மரநாயின் வேலை. கூட்டுக்குள் புகுந்துவிட்டால், தின்பதற்கு மேலாகவும் அது கொல்லக்கூடும். கோழிக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது. ரம்புத்தான் மரத்தில் அடையும் கோழி மரமேறும் மரநாய்க்கு எளிதான இரை. நல்லவன் போல் வேடமிட்டுக் கெடுப்பவனை மலாய்க்காரர்கள் ‘மூசாங் பெர்பூலு ஆயாம்’, அதாவது கோழி இறகு போர்த்திய மரநாய் என்பார்கள். அந்தப் பழமொழி பிறக்கும் அளவுக்கு இந்தப் பிராணி இம்மண்ணில் பழகிப்போன கள்ளன்.

காட்டுப்பூனை பெரும்பாலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு போகும். சற்றுத் தள்ளிப் புதரோரத்தில் இறகுகள் உதிர்ந்து கிடக்கும். பல கோழிகள் கிழிபட்டு முற்றமெங்கும் சிதறிக் கிடந்து, தின்னப்படாமல் விடப்பட்டிருந்தால் அது நாய்க்கூட்டம். அடைக்கோழி உடம்பில் பெரிய காயம் ஏதுமின்றி அடையிலேயே செத்துக் கிடந்து, முட்டையோ குஞ்சோ குறைந்திருந்தால் நல்லபாம்பு வந்து போயிருக்கலாம். சின்னக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கூட்டு மூலையில் வளை தெரிந்தால் எலிதான் காரணம்.

பகல் கள்ளர்களும் உண்டு. பியாவாக் எனப்படும் நீர் உடும்பு கால்வாய் ஓரமாக வந்து முட்டையையும் குஞ்சையும் விழுங்கிவிட்டுப் போகும். பருந்து இனங்கள் வெட்டவெளியில் மேயும் குஞ்சைத் தூக்கும். குரங்கு முட்டையைக் குறிவைக்கும். காகமும் முதல் வாரக் குஞ்சுகளை விடாது. ஊர்க்காகம் இந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல. 1890களில் கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காகச் சிலோனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பறவை அது. புழுவுக்காக வந்தது இன்று குஞ்சுக்குப் பகையாக நிற்கிறது.

கூட்டின் பூட்டு திறந்தபடி இருந்து, நல்ல எடையுள்ள சேவல்கள் மட்டும் குறைந்திருந்தால், அது இரண்டு கால் மரநாயாகவும் இருக்கலாம். ஆனால் மற்ற தடயங்களைப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

குஞ்சுப் பருவமே கண்டம்

அடையில் வைத்த முட்டை பொரிக்க 21 நாள். அதற்குப் பிறகு வரும் முதல் நான்கு வாரங்களில்தான் இழப்பு அதிகம். பத்துக் குஞ்சு பொரித்த பெட்டையை அன்றே மேயவிட்டு, மாதக் கடைசியில் மூன்று மிஞ்சியது என்றால், ஏழு கோழிக்குரிய கறியும் முட்டையும் போயின என்று பொருள். நம் பாட்டிமார் தாய்க்கோழியையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தது இதனால்தான். மூங்கில் பஞ்சாரம் இல்லையென்றால் சிறு கண் கம்பி வலையால் ஒரு பெட்டி செய்து, மேலேயும் மூடி வைக்கலாம். அந்தி சாய்ந்ததும் அதை அப்படியே திடமான கூட்டுக்குள் மாற்றிவிட வேண்டும். பஞ்சாரம் பருந்துக்கும் காகத்துக்கும் காவலே தவிர, பாம்புக்குக் காவலல்ல.

தாய்க்கோழியின் குரலைக் கவனிப்பதும் பயன் தரும். வானில் வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறு குரல் என்று கோழிகள் பிரித்து எச்சரிப்பதை ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். பருந்தைக் கண்டால் மெல்லிய நீண்ட ஓசை. நாய், பாம்பு போன்றவற்றைக் கண்டால் விட்டுவிட்டு ஓங்கிக் கத்தும் கொக்கரிப்பு. அந்தக் கொக்கரிப்பு நிற்காவிட்டால் அலட்சியம் செய்யாமல் எட்டிப் பார்ப்பது நல்லது. காட்டுக்கோழியின் வழித்தோன்றலான வீட்டுக்கோழி இந்தப் பாடத்தை இன்னும் மறக்கவில்லை.

கூடு எப்படி இருக்க வேண்டும்

கடையில் கிடைக்கும் மெல்லிய அறுகோணக் கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். கள்ளன் உள்ளே வருவதைத் தடுக்காது. நாய் அதைக் கிழிக்கும். எலியும் இளம் பாம்பும் அதன் கண் வழியே நுழையும். அரை அங்குலக் கண் கொண்ட, பற்றவைத்த கம்பி வலையே பாதுகாப்பு. விலை கூடுதல்தான். கூட்டின் கீழ்ப்பாதிக்கும் காற்றுத் துளைகளுக்கும் மட்டுமாவது அதைப் போடலாம்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் கால் வைத்துக் கூடு கட்டினால் ஈரமும் எலியும் குறையும். கால்களில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றினால் எலி ஏறுவது கடினம். மரக்கிளை, வேலி, துணிக்கொடி எதுவும் கூரையைத் தொடக்கூடாது. மரநாய்க்கு அதுவே பாலம். தரையோடு அமைந்த கூடாக இருந்தால், வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். கதவுக்குக் கயிறு போதாது, கொக்கி வேண்டும்.

இருட்டுவதற்கு முன், ஏழு மணிக்குள், எண்ணி அடைப்பது தினசரிக் கடமை. காலையில் சற்றுத் தாமதமாகத் திறந்துவிடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெட்டைகள் பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடுவதால், முட்டை புதரில் போகாமல் கூட்டிலேயே கிடைக்கும்.

வீட்டைச் சுற்றிக் கந்தகமும் உப்பும் தூவினால் பாம்பு அண்டாது என்பது பரவலான நம்பிக்கை. அதை நம்பிக் கூட்டின் ஓட்டையை அடைக்காமல் விடுவது ஆபத்து. புல்லை வெட்டுவதும், பழைய பலகைக் குவியலை அப்புறப்படுத்துவதும் அதைவிட உறுதியான பலன் தரும்.

கொல்வது தீர்வாகாது

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716ஆவது சட்டம், மலைப்பாம்பு, நீர் உடும்பு, மரநாய் ஆகியவற்றைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் வைத்திருக்கிறது. சிறுத்தைப் புள்ளிக் காட்டுப்பூனை முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட பிராணி. சுருக்குக் கண்ணி வைத்து வனவிலங்கைப் பிடிப்பதும் குற்றம். தொல்லை தொடர்ந்தால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் புகார் செய்வதே முறை.

சட்டம் ஒருபுறம் இருக்க, இலாபக் கணக்கும் அதையே சொல்கிறது. பல தோட்ட நிர்வாகங்கள் செம்பனைக் காட்டில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பது எலியை ஒழிக்கத்தான். கூகை எனும் அந்த வெள்ளை முக ஆந்தையின் உணவில் பெரும்பங்கு எலியே. அபசகுனம் என்று அதைக் கல்லால் அடிப்பவர், தம் குஞ்சுகளின் காவலாளியைத்தான் விரட்டுகிறார். எலி விஷம் வைப்பதிலும் கவனம் தேவை. விஷத் தீனியைக் கோழி கொத்தினாலும், விஷமுண்ட எலியை ஆந்தையோ வளர்ப்புப் பூனையோ தின்றாலும் நட்டம் நமக்கே. கூட்டைச் சுற்றி மின்கம்பி இழுப்பதை நினைத்தும் பார்க்கக்கூடாது. அது முதலில் பிடிப்பது, பந்தெடுக்க ஓடும் பிள்ளையாக இருக்கலாம்.

கூட்டுக்குள் பாம்பைக் கண்டால் கோலெடுத்து அடிக்கப் போகாமல், பிள்ளைகளை விலக்கி, 999 எண்ணில் அழைத்துப் பொதுத் தற்காப்புப் படையினர் அல்லது தீயணைப்பு வீரர்களின் உதவியைக் கேட்கலாம். இங்குள்ள கருநாகம் விஷத்தைக் கண்ணில் பீய்ச்சக் கூடியது. பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் நிறையத் தண்ணீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடிபட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கள்ளன்

ஒரே வாரத்தில் கூடே காலியாவது பெரும்பாலும் நோயினால். வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசிதான் காப்பு. வந்த பின் மருந்தில்லை. 1980களில் செர்டாங்கில் இருந்த அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். ஊசி போடக் கோழியைத் துரத்திப் பிடிக்க முடியாத கொல்லைப்புற வளர்ப்பாளர்களை மனதில் வைத்துச் செய்த வேலை அது. இன்று எந்த மருந்து, எப்போது என்பதை மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் அறுத்துப் பங்கிடுவதோ, ஆற்றில் வீசுவதோ கூடாது. 2004இலும் 2017இலும் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்ட வரலாறு நம் நாட்டுக்கு உண்டு. உடனே கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

தாமான் வீடுகளில் கோழி வளர்ப்பதற்கு ஊராட்சி மன்ற விதிகள் பொருந்தும். கூடு கட்டும் முன் ஜாசின் நகராண்மைக் கழகத்தில் விசாரிப்பதும், அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். சாணமும் நாற்றமும் இல்லாமல் கூட்டைச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு எதிராகப் புகார் எழுவது குறைவு.

கோழி வளர்ப்பவர் ஒரு பழைய நாள்காட்டியின் ஓரத்தில் மூன்று விவரங்களைக் குறித்து வந்தால் போதும்: மாலையில் அடைத்த எண்ணிக்கை, காலையில் திறந்த எண்ணிக்கை, குறைந்திருந்தால் கண்ட தடயம். இரண்டு மாதத்தில் கள்ளன் எந்த நேரத்தில், எந்தப் பக்கமாக வருகிறான் என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும். பிறகு அடைக்க வேண்டிய ஓட்டை எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.